சூடானால் எடுக்காத வண்டி

காலை வேளையில் அந்த வண்டியைப் பார்த்தால் யாராலும் ஒரு குறை சொல்ல முடியாது. சாவியைத் திருப்பிய மாத்திரத்தில் எடுத்துவிடும். சாயங்காலம்தான் அதன் குணம் தெரியும். அரை மணி நேரம் ஓட்டி, எங்காவது அணைத்துவிட்டு, பத்து நிமிஷம் கழித்துச் சாவியைத் திருப்பினால் செல்ஃப் சுற்றும், சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும். இன்ஜின் பிடிக்காது. பெட்ரோல் வாடை மட்டும் குப்பென்று அடிக்கும். முக்கால் மணி நேரம் சும்மா விட்டுவிட்டு மறுபடி திருப்பினால், எதுவுமே நடக்காத மாதிரி ஒரே திருப்பில் எடுக்கும். ஆடி மாதம் தொடங்கி மூன்று மாதம் நான் இந்த வண்டியோடு மாரடித்தேன். இப்போது நினைத்தாலும் அலுப்பாக இருக்கிறது.

வண்டி வாங்கியதே என் மனைவிக்காகத்தான். பன்னிரண்டு வருஷம் ஓடின பழைய கார். அவள் கருவேப்பிலங்குறிச்சியில் பள்ளிக்கூட டீச்சர். விருத்தாசலத்திலிருந்து இருபது வருஷம் பஸ்ஸில் போய்வந்தவள். போன வருஷக் கடைசியில் ஒரு நாள், பஸ் படி ஏறும்போது யாரோ நெஞ்சைக் கையால் அமுக்குகிற மாதிரி இருக்கிறது என்றாள். இடது தோள் வலிக்கிறது என்றாள். கொஞ்ச நேரம் நின்றால் போய்விடுகிறது என்றும் அவளே சொன்னாள். வேகமாக நடந்தால் வரும், மாடி ஏறினால் வரும், உட்கார்ந்தால் போய்விடும்.

டாக்டரிடம் போகாமல் இல்லை. இரண்டு முறை போனோம். டோக்கன் வாங்கி, ஃபேனுக்குக் கீழே பெஞ்சில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். எங்கள் முறை வருவதற்குள் அவளுக்கு வியர்வை அடங்கி, முகம் தெளிந்து, பக்கத்தில் இருந்த பெண்ணிடம் ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தாள். ஈசிஜி எடுத்தார்கள். நன்றாக இருக்கிறது என்றார்கள். வாய்வாக இருக்கும், இந்த வயதில் பெண்களுக்கு இப்படிப் படபடப்பு வருவதுண்டு, கவலைப்படாதீர்கள் என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார் டாக்டர். இரண்டாம் முறையும் அதே பெஞ்சு, அதே ஈசிஜி, அதே மாத்திரை. நாங்களும் வாய்வுதான் என்று நம்பினோம். பூண்டைச் சுட்டுத் தின்றாள். உருளைக்கிழங்கை நிறுத்தினாள்.

நடந்தால்தானே வருகிறது, நடக்காமல் இருந்தால் சரியாகிவிடும் என்று நான் ஒரு முடிவுக்கு வந்தேன். என் புத்திசாலித்தனத்தை மெச்சிக்கொண்டுதான் அந்த வண்டியை வாங்கினேன். காலையில் நானே அவளைப் பள்ளியில் விட்டுவிட்டு வேலைக்குப் போவேன், சாயங்காலம் போய்க் கூட்டிவருவேன். வண்டி வழியில் நின்றால் அவள் இறங்கி நடக்க வேண்டும். நடந்தால் நெஞ்சைப் பிடிக்கும். எனக்கு அந்த வண்டி மேல் இருந்த கோபத்துக்கெல்லாம் காரணம் இதுதான்.

என் வேலையைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இங்கே இருக்கிற செராமிக் பட்டறைகளில் ஒன்றில் சூளை என் பொறுப்பு. ஃபியூஸ் கேரியர், கம்பத்தில் மாட்டும் இன்சுலேட்டர் என்று கரண்டுக்கு வேண்டிய பீங்கான் சாமான்கள் செய்கிறோம். பர்னரை அணைத்ததும் நான் செய்கிற முதல் வேலை, சட்டைப் பையிலிருந்து சாக்பீஸை எடுத்துச் சூளைக் கதவில் நேரம் எழுதுவது. இடது பக்கம் அணைத்த நேரம். வலது பக்கத்தைக் காலியாக விட்டுவிடுவேன். உள்ளே நன்றாக ஆறி, கதவைத் திறக்கும்போதுதான் வலது பக்கம் நேரம் விழும். வலது பக்கம் காலியாக இருக்கிற வரைக்கும் முதலாளியே வந்து நின்றாலும் கதவைத் தொடக்கூடாது. அவசரப்பட்டுத் திறந்தால் வெளிக்காற்று பட்டு உள்ளே இருக்கிற சாமான்கள் டிங், டிங் என்று ஒவ்வொன்றாக விரிசல் விடும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு முறை அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறேன். ஒரு லோடு முழுக்கப் போனது. அதற்குப் பிறகு இருபத்தாறு வருஷமாக நான் அதிகம் சொன்ன வார்த்தை "ஆறட்டும்" என்பதுதான்.

பட்டறையில் பழகியது வீட்டுக்கும் வந்துவிட்டது. சண்டை என்றால் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவேன். இரண்டு பேருக்கும் சூடு தணிந்த பிறகு திரும்பிவந்து, என்ன விஷயம் என்று கேட்பேன். அதற்குள் அவளுக்கு என்ன விஷயம் என்பதே அலுத்துப் போயிருக்கும். "ஒண்ணும் இல்ல, சாப்புடுங்க" என்பாள். நான் அதைச் சமாதானம் என்று எடுத்துக்கொள்வேன். யாராவது விருந்தாளி வந்தால் என்னைக் கிண்டல் செய்வாள். "எங்க வூட்டுக்காரரு காப்பியக்கூட ஆறவெச்சு, ஏடு கட்டின அப்பறம்தான் குடிப்பாரு" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

வண்டி முதல் முறை நின்றபோதும் நான் செய்தது அதைத்தான். பள்ளிக்கூட வாசலில், நான்கரை மணி வெயிலில், செல்ஃப் அடித்து அடித்து ஓய்ந்த பிறகு, பானட் மேல் படிந்திருந்த புழுதியில் விரலால் நேரம் எழுதினேன். இடது பக்கம் நான்கு முப்பத்தைந்து. ஐந்து இருபதுக்கு எடுத்தது. வலது பக்கம் அதை எழுதினேன். மறுநாள் அதற்குக் கீழே இன்னொரு வரி. அதற்கு மறுநாள் இன்னொன்று. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அதைப் பார்த்து என்ன சார் பஸ் டைமா என்று கேட்டார்கள்.

என் மனைவி வேப்பமரத்து நிழலில் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருப்பாள். முதல் வாரம் பேசாமல் இருந்தாள். இரண்டாம் வாரம், "ஒரு மெக்கானிக்கக் கொண்டாந்து இப்பவே காட்டினாதான் என்ன?" என்றாள்.

"கொதிக்கிற இன்ஜின்ல எவன் கைய வெப்பான்? ஆறட்டும். காலையில போயி காட்டறன்" என்றேன்.

காலையில் போய்க் காட்டினேன். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் அந்த மெக்கானிக்கின் பட்டறை. முப்பத்தைந்து வயது இருக்கும் அவருக்கு. கை சுத்தமான ஆள், வாய்தான் கொஞ்சம் காரம். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். வண்டி உறுமிக்கொண்டு எடுத்தது. அணைத்தார், திருப்பினார், எடுத்தது. கம்ப்யூட்டரை மாட்டிப் பார்க்கிற ஸ்கேனர் என்று ஒரு கருவி வைத்திருந்தார். அதை மாட்டினார். எல்லாம் சரியாக இருக்கிறது என்று அதுவும் சொன்னது.

"வண்டி ஜம்முனு இருக்குதேண்ணே" என்றார்.

"சாயந்தரம் எடுக்க மாட்டேங்குதுப்பா."

"அப்ப சாயந்தரம் கொண்டாங்க."

சாயங்காலமும் கொண்டுபோனேன். ஆனால் அவர் பானட்டைத் தூக்கப் போனபோது நானே தடுத்தேன். இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது. "இப்பதான் ஓட்டியாந்தன். பழுக்கக் காஞ்சிருக்குது. ஆறட்டும், நீ கையில இருக்கிற வேலைய முடி" என்றேன். சூடான எதையும் யாரும் தொடக்கூடாது என்பது என் ரத்தத்தில் ஊறிப்போயிருந்தது. அவர் வேறு வண்டிக்குக் கீழே போய்ப் படுத்துக்கொண்டார். ஒரு மணி நேரம் கழித்து வந்து திருப்பினார். ஒரே திருப்பில் எடுத்தது. என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நான் வண்டியை முறைத்துப் பார்த்தேன்.

பேட்டரி மாற்றினோம். பிளக் மாற்றினோம். டேங்குக்குள் இருக்கும் பெட்ரோல் பம்பைக் கழற்றிப் பார்த்து மாட்டினோம். எங்கள் செராமிக் பட்டறையில் வயசான ஒருவர், அவர் காலத்து வண்டிகளுக்கு ஈரத்துணியைப் பெட்ரோல் பம்ப் மேல் போட்டால் உடனே எடுக்கும் என்றார். இந்த வண்டியில் பம்ப் டேங்குக்குள் இருக்கிறது, துணியை எங்கே போடுவது? இருந்தாலும் ஒரு நாள் ஆத்திரத்தில் ஈரத்துண்டை எடுத்து இன்ஜின் மேலேயே போட்டேன். துண்டு காய்ந்ததுதான் மிச்சம். என் மனைவி எலுமிச்சம்பழம் சுற்றி டயருக்குக் கீழே வைத்தாள். பழம் நசுங்கியது. வண்டி எடுத்தது. ஏனென்றால் அது காலை நேரம்.

கடைசியில் நான் கண்டுபிடித்த வைத்தியம், வண்டியை அணைக்காமலே இருப்பது. பள்ளிக்கூட வாசலில் வண்டியை ஓடவிட்டபடியே காத்திருப்பேன். மற்ற டீச்சர்கள் புகைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்கள். பட்டறை வேலை, இந்த ஓட்டம், அவளுடைய தோள்வலி, எல்லாம் சேர்ந்து எனக்கு எந்நேரமும் தூக்கக் கலக்கமாகவே இருந்தது. யாராவது சத்தமாகப் பேசினால் எரிந்து விழுந்தேன். அவளும் நிறையப் பேசுவதை விட்டுவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் சமையலறைக்குள் போய்ச் சுவரோரம் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பாள். கேட்டால், "வேலை அலுப்பு" என்பாள். அலுப்பு எனக்கும் இருந்ததால் நான் அதற்கு மேல் கேட்கவில்லை.

புரட்டாசியில் ஒரு நாள் சாயங்காலம், மணிமுத்தாற்றுப் பாலத்துக்கு முன்னால் வந்துகொண்டிருந்தோம். அவளுக்கு வாய்வு மாத்திரை தீர்ந்துவிட்டது. மருந்துக்கடை ஓரமாக வண்டியை நிறுத்தினேன். வழக்கமாக ஓடவிட்டுத்தான் இறங்குவேன். அன்றைக்கு என்ன நினைப்பில் இருந்தேனோ, கை தானாகச் சாவியைத் திருப்பி அணைத்துவிட்டது. மாத்திரையோடு வந்து உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. செல்ஃப் அடித்தேன். சுற்றியது. பெட்ரோல் வாடை வந்தது. பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. கண்டக்டர் படியில் தொங்கியபடி, "யோவ், ஓரம் கட்டுய்யா" என்று கத்தினார். ஓரம் கட்ட வண்டி எடுத்தால்தானே.

"நான் மெதுவா நடந்து போறேங்க. வூடு கிட்டதான" என்றாள் அவள்.

"நீ ஒண்ணும் நடக்க வேணாம்."

"இங்க புழுக்கம் தாங்கல."

இறங்கி எதிரில் இருந்த டீக்கடை பெஞ்சு வரைக்கும்தான் நடந்தாள். முப்பது அடி இருக்கும். பெஞ்சில் உட்கார்ந்து இடது தோளைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டாள். நான் மெக்கானிக்குக்கு ஃபோன் போட்டேன். நல்ல நேரம், பக்கத்தில்தான் இருந்தார். பத்து நிமிஷத்தில் பைக்கில் ஸ்கேனரோடு வந்துவிட்டார்.

"பானட்டத் தூக்குங்கண்ணே."

"கொதிக்குதுப்பா. ஆறட்டும். கை வெந்துடும்" என்றேன். என் வாய் அதைத்தான் சொன்னது.

அவர் பையைக் கீழே போட்டார். "மூணு மாசமா நீங்க எங்கிட்ட கொண்டாந்தது இந்த வண்டியே இல்லண்ணே. நல்லா இருக்கிற வண்டியக் கொண்டாந்து கோளாறு கண்டுபுடின்னா நான் என்னா ஜோசியமா பாக்கறது? நோவு இருக்கும்போது காட்டணும்ண்ணே. நோவு போன அப்பறம் காட்டினா, நல்லா இருக்குதுன்னுதான் எவனும் சொல்லுவான்."

நடுரோட்டில் என்னைவிட இளையவரிடம் திட்டு வாங்கினேன். கோபம் வரவில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டும். பானட்டைத் தூக்கினேன். அனல் முகத்தில் அடித்தது.

"சாவியப் போடுங்க. செல்ஃப் அடிக்காதீங்க, சும்மா போடுங்க" என்றார். போட்டேன். அவர் குனிந்து டேஷ்போர்டைப் பார்த்தார். "இது என்னாண்ணே?"

"நீல லைட்டு."

"அது எப்ப எரியும்?"

"காலையில எரியும். இன்ஜின் குளிர்ச்சியா இருக்கும்போது."

சொல்லி முடித்ததும் எனக்கே புரிந்துவிட்டது. முன்னால் இன்ஜின் பழுக்கக் காய்ந்து கிடக்கிறது. உள்ளே நீல விளக்கு, இன்ஜின் ஜில்லென்று இருப்பதாகச் சொல்லி எரிந்துகொண்டிருக்கிறது. "எத்தினி நாளா எரியுது?" என்று கேட்டார். மூன்று மாதமாக, வண்டி நின்றபோதெல்லாம் எரிந்தது. நான் தினமும் பார்த்தேன். பார்த்துவிட்டு, இறங்கிப் போய்ப் புழுதியில் நேரம் எழுதினேன்.

ஸ்கேனரை மாட்டிக் காட்டினார். இன்ஜினுக்குள் சுற்றும் தண்ணீர் எவ்வளவு சூடு என்று கம்ப்யூட்டருக்குச் சொல்ல ஒரு சென்சார் இருக்கிறது. கட்டைவிரல் அளவுகூட இருக்காது. ஓடும்போது அது ஒழுங்காகத்தான் சொல்கிறது. வண்டியை அணைத்ததும் தண்ணீர் ஓட்டம் நின்று, சூடு ஒரே இடத்தில் தேங்கி இன்னும் கொஞ்சம் ஏறும். அந்தச் சூட்டில் அது தடுமாறி, இன்ஜின் குளிர்ந்திருக்கிறது என்று பொய் சொல்கிறது. கம்ப்யூட்டர் அதை நம்பி, குளிர்ந்த இன்ஜினுக்குக் கொடுக்கிற அதிகப்படி பெட்ரோலை ஊற்றுகிறது. சூடான இன்ஜின் அதில் மூழ்கிப்போகிறது. ஆறின பிறகு பார்த்தால் சென்சாரும் சரி, ஸ்கேனரும் சரி, வண்டியும் சரி.

அவர் அந்தச் சென்சாரின் வயரைப் பிடுங்கிவிட்டார். ஆக்ஸிலேட்டரைத் தரையோடு அழுத்திக்கொண்டு செல்ஃப் அடிக்கச் சொன்னார். இரண்டு இருமல் இருமி, கருப்பாய்ப் புகை கக்கிக்கொண்டு எடுத்தது. டீக்கடை பெஞ்சிலிருந்து என் மனைவி தலையைத் தூக்கிப் பார்த்தாள். அவள் முகம் இன்னும் வெளுத்துத்தான் இருந்தது. வண்டி எடுத்துவிட்ட சந்தோஷத்தில் எனக்கு அது பெரிதாகப் படவில்லை. அதைத்தான் என்னால் இன்றைக்கும் மன்னித்துக்கொள்ள முடியவில்லை.

மறுநாள் புதுச் சென்சார் மாட்டினார். பழையதை என் கையில் கொடுத்தார். அதைப் பட்டறைக்குக் கொண்டுபோய்ச் சூளை முன்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் சூளையிலும் சூட்டை அளக்கிற கம்பி ஒன்று உண்டு. அது ஒரு முறை கெட்டுப்போய்க் குறைவாகக் காட்டியதும், அதை நம்பி நெருப்பை ஏற்றினதும், சாமான்கள் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதும் எனக்குத் தெரியும். அதனால்தான் மீட்டரை மட்டும் நம்பாமல், கதவில் இருக்கும் சின்ன ஓட்டை வழியாக நெருப்பின் நிறத்தைக் கண்ணால் பார்ப்பேன். எரியும்போது பார்ப்பேன். அணைந்த பிறகு அந்த ஓட்டையில் பார்க்க ஒன்றும் இருக்காது. இந்த ஊரில் யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய கோளாறு இது.

வண்டி நன்றாக ஓடியது. பள்ளி வாசலில் அணைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். வீட்டில் கொஞ்சம் கலகலப்புகூட வந்தது.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. சூளைக்கு ஞாயிறு கிடையாது. காலையில் போய்ப் பர்னரை அணைத்து, கதவில் நேரம் எழுதிவிட்டு, பதினொன்றைத் தாண்டி வீட்டுக்கு வந்தேன். கதவு திறந்திருந்தது. கூப்பிட்டேன், பதில் இல்லை. மாடிப்படியில் பாதி தூரத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் துவைத்த போர்வைகள் இருந்த வாளி. தண்ணீர் படி படியாகச் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் நெற்றியிலும் அதே அளவு தண்ணீர்.

"ஒண்ணும் இல்லங்க. உக்காந்தா போயிடும்" என்றாள். குரல் அடியிலிருந்து வந்தது.

"அப்படியே உக்காரு. ஆறட்டும்" என்றேன். துண்டால் விசிறினேன். என் கண் தானாகக் கைக்கடிகாரத்துக்குப் போனது. பதினொன்று பன்னிரண்டு. இன்னும் பத்து, பதினைந்து நிமிஷம் என்று மனசு சொன்னது. விசிறிக்கொண்டிருந்த கை அப்போதுதான் நின்றது. நோவு இருக்கும்போது காட்டணும்ண்ணே என்று அந்த மெக்கானிக் சொன்னது காதில் விழுந்தது. துண்டைக் கீழே போட்டேன்.

"வா, போவலாம்."

"எங்க?"

"ஆஸ்பத்திரிக்கு."

"போறதுக்குள்ள சரியாயிடும்ங்க. மறுபடியும் ஒண்ணும் இல்லன்னு அனுப்பிடுவாங்க."

"அதுக்குத்தான் இப்பவே போவணும்."

அவளை ஓரடிகூட நடக்க விடவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, பக்கத்து வீட்டுக்காரரும் நானுமாகத் தூக்கிக்கொண்டு வந்து வண்டியில் ஏற்றினோம். நான் ஓட்டிவந்து நிறுத்திப் பத்து நிமிஷம் ஆகியிருக்கும். பானட்டைத் தொட்டால் சுடும். மூன்று மாதமாக என்னைக் கைவிட்ட அதே பத்து நிமிஷம். சாவியைப் போட்டேன். நீல விளக்கு எரியவில்லை. ஒரே திருப்பில் எடுத்தது.

ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கவில்லை. பெஞ்சில் உட்காரவில்லை. நெஞ்சுவலி இப்போது இருக்கிறது, இந்த நிமிஷம் இருக்கிறது என்று கத்தினேன். நான் பொது இடத்தில் கத்தினது என் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. அவளைப் படுக்கவைத்து வயர்களை ஒட்டினார்கள். டியூட்டியில் இருந்தவர் சின்ன வயது டாக்டரம்மா. காகிதம் வெளியே வரவர, அவர் எங்களைப் பார்ப்பதை விட்டுவிட்டு அதையே பார்த்தார். நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரையை வைக்கச் சொன்னார். நர்ஸிடம் ஆம்புலன்ஸ் என்றார்.

பிறகு என்னிடம் திரும்பி, "எத்தனை நாளா இருக்கு?" என்று கேட்டார்.

"ஒரு வருஷம் ஆவப்போவுதுங்க."

"ஈசிஜி எடுக்கலையா?"

"ரெண்டு தடவ எடுத்தோங்க. ரெண்டு தடவையும் நல்லா இருக்குதுன்னு சொன்னாங்க."

"வலி இருக்கும்போது எடுத்தீங்களா?"

கட்டிலில் கிடந்தபடி அவள்தான் சொன்னாள். "இல்லங்கம்மா. ஆறவெச்சு இட்டாந்தாரு."

பெரிய ஊர் ஆஸ்பத்திரியில் இரண்டு இடத்தில் அடைப்பு என்றார்கள். ஸ்டென்ட் வைத்தார்கள். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் என்று ஆரம்பித்த ஒரு டாக்டர், என் முகத்தைப் பார்த்துவிட்டு அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. எட்டாம் நாள் வீட்டுக்கு வந்தோம். அவள் பாதியாய் இளைத்திருந்தாள். கட்டிலில் படுத்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ரவைக் கஞ்சி வைக்கலாம் என்று சமையலறைக்குப் போனேன். எனக்கு அங்கே எது எங்கே இருக்கிறது என்று தெரியாது. ரவை டப்பாவைத் தேடி, அவள் எப்போதும் சாய்ந்து உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில், அடுப்பு மேடைக்குக் கீழே இருந்த அலமாரியைத் திறந்தேன்.

கதவின் உள்பக்கம் முழுக்கச் சாக்பீஸ் எழுத்து. இரண்டு வரிசை. இடது பக்கம் தேதியோடு ஒரு நேரம், வலது பக்கம் ஒரு நேரம். என்னுடைய சூளைக் கதவு மாதிரியே இருந்தது, கையெழுத்துதான் டீச்சர் கையெழுத்து. மேலே இருந்த வரியில் இரண்டு நேரத்துக்கும் இடையில் நான்கு நிமிஷம். அதற்குக் கீழே ஆறு. அப்புறம் ஆறு, ஒன்பது, பன்னிரண்டு. இப்படி எழுதிய ஒன்றைப் படிக்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கீழே போகப் போக ஆறுவதற்கு நேரம் அதிகமாகிக்கொண்டே போனது. நடுவில் ஒரே வாரத்தில் ஐந்து வரிகள் இருந்தன. அது நான் பானட் புழுதியில் எழுதிக்கொண்டிருந்த வாரமாக இருக்கும்.

அடுப்பில் தண்ணீரை வைத்துவிட்டு அவளிடம் போனேன். "அலமாரிக் கதவுல என்னா எழுதியிருக்கற?"

"பாத்துட்டீங்களா?" என்றாள். "துவைக்கறப்ப உங்க சட்டைப் பையிலேர்ந்து சாக்பீஸ் வுழும். அத எடுத்து எழுதனன். எப்ப வருது, எப்ப போவுதுன்னு பாக்கலாம்னு. நீங்க சூளையில எழுதற மாதிரிதான்."

"எங்கிட்ட காட்டியிருக்கலாம் இல்ல?"

"காட்டியிருந்தா என்னா சொல்லியிருப்பீங்க?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. கோபப்பட அவளிடம் அப்போது தெம்பு மிச்சம் இல்லை. என்ன சொல்லியிருப்பேன் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

சமையலறைக்குத் திரும்பி, கொதிக்கிற தண்ணீரில் ரவையைக் கொட்டினேன். அலமாரிக் கதவு திறந்தேதான் இருந்தது. குனிந்து, முன்பு பார்க்காமல் விட்ட கடைசி வரியைப் பார்த்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமையின் வரி. இடது பக்கம் பத்து ஐம்பது என்று எழுதியிருந்தது. நான் வீட்டுக்குள் நுழைவதற்கு முன்பே, இங்கே, இந்த அடுப்படியிலேயே அவளுக்கு வலி வந்திருக்கிறது. உட்கார்ந்து நேரத்தை எழுதியிருக்கிறாள். இந்த முறை அது போகவே இல்லை. காத்திருந்து காத்திருந்து அலுத்துப்போய், வலியோடேயே எழுந்து, வாளியைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறியிருக்கிறாள். வலது பக்கம் காலியாக இருந்தது. கஞ்சி அடிப்பிடிக்கிற வாசம் வந்தது. நான் அந்தக் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.